பெட்டி கேஸ்தானே என்று ஒத்துக்கொள்ளும் முன்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் கோர்ட் வளாகத்தில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த யோசனை காதில் விழும்: "பெட்டி கேஸ்தானே? ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு." பெட்டி கேஸ் என்றால் சின்ன வழக்கு. சொல்பவர் கெட்டவர் இல்லை. பத்து வாய்தாவுக்குக் கூலியை விட்டு அலைய வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் பேசும் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கோர்ட்டில் ஒத்துக்கொண்டு கட்டுவது, ஹெல்மெட் போடாததற்கு ரோட்டில் கட்டும் ஃபைன் மாதிரி இல்லை. மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகி, தண்டனை பெற்றவர் ஆகிவிடுகிறீர்கள். அப்புறம் மனம் மாறி அப்பீல் போனால், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும்தான் கேட்கலாம். "நான் அடிக்கவே இல்லை" என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. கல்ஃப் வேலைக்குப் போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும்போதும், அரசு வேலைக்கு விசாரணை வரும்போதும்தான் பலருக்கு இது உறைக்கிறது.

டீக்கடை அடிதடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காயம் என்றால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 115(2) பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிபட்டவர் சம்மதித்தால் இதைச் சமரசமாக முடிக்கலாம். அப்படி முடிந்தால் விடுதலையானதற்குச் சமம். கூடவே கெட்ட வார்த்தை பேசியதாக 296-ஆம் பிரிவும் சேர்ந்திருந்தால் அது சமரசப் பட்டியலில் இல்லை, வேறு வழி பார்க்க வேண்டும். குற்றம் நிரூபணமானாலும்கூட, 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்து விடுமாறு கேட்க இடமுண்டு. எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பது, ஒரு வக்கீல் எஃப்.ஐ.ஆரைப் படித்த பிறகே தெரியும். ஒத்துக்கொள்வதென்றால் அதற்குப் பிறகு ஒத்துக்கொள்ளுங்கள்.

அந்த எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கும். நம்மில் பலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது அடுத்த தவறு. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். நோட்டீஸ், அரெஸ்ட் மெமோ (கைதுக் குறிப்பு) போன்றவற்றில் கையெழுத்து உண்டு. வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து தெரிந்த வக்கீலைக் கூட்டிவரும்போதும் இதே சிக்கல்தான். சட்டப்படி அவர் இங்கே தாராளமாக வாதாடலாம், ஆனால் காகிதங்களை அவருக்கு இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சம்மனைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விடுவதும் நடக்கிறது. வாரண்ட் வரும். ஜாமீனில் வெளிவந்து, தகுந்த காரணமில்லாமல் ஆஜராகாமல் இருப்பதே தனிக் குற்றம், அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. இருநூறு ரூபாய் அபராதத்தில் முடிந்திருக்கக்கூடிய வழக்குக்காக எல்லையில் வாளையாரில் பிடிபடுவானேன்? வர முடியாத நாளுக்கு முன்கூட்டியே வக்கீல் மூலம் மனு கொடுங்கள்.

காசில்லை என்று வக்கீலே வைக்காமல் நிற்பவர்களும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற வேறு சிலருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா சட்டப் பணிகள் கமிட்டியில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்பார்கள். சரி, அப்படி ஒருவர் வாய்த்தால் வேறொருவரைக் கேட்டு அதே கமிட்டிக்கு எழுதலாம். போகும்போது சம்மனும் எஃப்.ஐ.ஆர். நகலும் கையில் இருக்கட்டும். நகல் இல்லையென்றால் கேரள போலீஸின் 'துண' தளத்தில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.