கியூப் பாஸ், ஒட்டு ஃபெயில்

சிதைந்த கான்கிரீட்டில் ஒட்டுப்போடும் சிமென்ட் கலவையான ரிப்பேர் மார்ட்டர் நீடிக்குமா என்று சோதிக்கச் சொன்னால், பலரும் முதலில் கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து 28-ஆம் நாள் அழுத்தி உடைத்துப் பார்க்கிறார்கள். வலிமை 60 மெகாபாஸ்கல் வந்துவிட்டால் நிம்மதி. ஆனால் ஒட்டுப்போட்ட இடம் அழுத்தம் தாங்காமல் நொறுங்குவது அபூர்வம். பெரும்பாலும் சுருங்கித்தான் பெயர்கிறது. பழைய கான்கிரீட் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது, மேலே பூசியது இனிமேல்தான் சுருங்கும். அடியில் பிடிமானம் இருப்பதால் அதற்குள் இழுவிசை ஏறும், விளிம்பு கிளம்பும், தட்டினால் பொள்ளென்று கேட்கும். சிமென்ட்டைக் கூட்டி வலிமையை ஏற்றினால் சுருக்கமும் விறைப்பும் கூடவே ஏறும்.

சரி, சுருக்கத்தையும் அளந்தோம் என்பார்கள். எதிலே? எதிலும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் பட்டகத்தில் (நீளக் கட்டியில்). தடுப்பார் இல்லாமல் சுருங்குவது எதற்கு வெடிக்கும்? எஃகு வளையத்தைச் சுற்றி வார்த்து, எத்தனையாவது நாளில் வெடிப்பு விழுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் பிணைப்பை அளக்கும் பிடுங்கு சோதனை. 50 மி.மீ. விட்டத்தில் துளைத்து, மேலே உலோக வில்லையை ஒட்டி இழுப்பது. துளை பழைய கான்கிரீட்டுக்குள் சுமார் 15 மி.மீ. இறங்க வேண்டும். மார்ட்டரோடு நிறுத்திவிட்டால் சுற்றியுள்ள மார்ட்டரும் சேர்ந்து தாங்கும், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1504-3 தன் உயர்ந்த வகுப்பான ஆர்4-க்கு 2 மெகாபாஸ்கல் பிணைப்பு கேட்கிறது. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு உடைந்த துண்டைக் குப்பையில் போடுவதுதான் எனக்கு ஆகாத காரியம். துண்டைத் திருப்பிப் பாருங்கள். வில்லையை ஒட்டிய பசையில் விட்டிருந்தால், பிணைப்பு அந்த எண்ணுக்குக் குறையாது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. முகம் முழுக்கப் பழைய கான்கிரீட்டின் மெல்லிய பொருக்கு ஒட்டி, எண்ணும் குறைவாக வந்தால், மார்ட்டரைத் திட்டாதீர்கள். பூசுவதற்கு முன் பிரேக்கரால் (கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தால்) கொத்தியபோது அடித்தளத்தில் நுண்வெடிப்பு விழுந்திருக்கலாம்.

உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு எவ்வளவு ஊடுருவும் என்று பார்க்க 60 வோல்ட் கொடுத்து 6 மணி நேரம் ஓட்டும் சோதனை அளப்பது மின்னூட்டத்தை, குளோரைடை அல்ல. துருத்தடுப்பானான கால்சியம் நைட்ரைட் கலந்த மார்ட்டர் அதில் அநியாயமாக மோசமாகத் தெரியும்.

கியூரிங்கும் (மார்ட்டரை ஈரமாக வைத்து இறுக விடுவது) அப்படித்தான், சோதனையை ஏமாற்றும். பாலிமர் கலந்த மார்ட்டரை 28 நாளும் தண்ணீருக்குள் வைத்தால், பாலிமர் படலமாவதற்கு வேண்டிய உலர்வே கிடைக்காது. சாதா மார்ட்டரிலோ தவறு நேர் எதிர்ப்பக்கம்: லேபில் தொட்டிக்குள் ஊறியது, தளத்தில் மறுநாளே வெயிலில் காய்கிறது. சோதனை மாதிரிகளில் பாதியையாவது தளத்திலேயே வைத்து, அங்கே காய்வது போலவே காயவிடுங்கள்.