சேலத்துல இருந்து பெங்களூர் வொண்டர்லா: ஒரு நாள் ரூம் வாடகைல குடும்பத்தோட போயிட்டு வர்றது எப்படி

பிள்ளைங்க தீம் பார்க் தீம் பார்க்னு கேக்க ஆரம்பிச்சதும் நாம முதல்ல பாக்கறது டிக்கெட் விலைய தான். ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல ஆகுது, வீட்ல அஞ்சு பேர், கணக்கு போட்டு பாத்துட்டு அடுத்த வருஷம் போலாம்னு சொல்லிடுவோம். நானும் மூணு வருஷம் அப்படி தான் தள்ளி போட்டேன். ஒரு வழியா போயிட்டு வந்து நோட்டுல எழுதி வெச்ச செலவ கூட்டி பாத்தா டிக்கெட்டுக்கு குடுத்தத விட மத்ததுக்கு குடுத்தது அதிகம். ரூமுக்கு ரெண்டு நாள் வாடகை, லேட் ஆயிடுச்சுன்னு பிடிச்ச கேப், அங்க போய் வாங்கின நைலான் டிரஸ், பசியில கைல கிடைச்சத வாங்கி சாப்ட்டது. ரெண்டாவது தடவை இத எல்லாம் ஒன்னு ஒன்னா சரி பண்ணிட்டு போனோம், அத தான் இங்க எழுதறேன். நாங்க சேலம், அதனால பெங்களூர்ல இருக்கற வொண்டர்லா தீம் பார்க் கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கும் இது ஒத்து வரும்.

முதல்ல தேதி. இத சரியா பிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. சனி ஞாயிறு, லீவு நாள்ல டிக்கெட் விலையே கூட, அது போக ஒவ்வொரு ரைடுக்கும் வெயில்ல வரிசைல நிக்கணும், குடுத்த காசுக்கு பாதி ரைடு கூட போக முடியாது. கூட்டத்த தாண்டி போறதுக்கு ஃபாஸ்ட் ட்ராக்னு ஒரு டிக்கெட் இருக்கு, கிட்டத்தட்ட டபுள் விலை. வார நாள்ல போனா அது தேவையே இல்ல. ஆனா வார நாள்ல பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கே, அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, நமக்கு லீவு, கர்நாடகாவுக்கு லீவு இல்லாத நாள் எதுன்னு தேடறது. பொங்கல எடுத்துக்கங்க, அங்க சங்கராந்தி ஒரு நாளோட முடிஞ்சுது, நமக்கு திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள்னு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அது வார நாள்ல விழுந்துச்சுன்னா விடாதீங்க. சேலத்துக்காரங்களுக்கு ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு புதன்கிழமை உள்ளூர் லீவு விடுவாங்க, அதுவும் நல்ல நாள், பண்டிகைய விட்டுட்டு போக மனசு வரணும் அவ்வளவு தான். டிசம்பர் கடைசி பத்து நாள், தசரா லீவு, ஏப்ரல் மே சனி ஞாயிறு, இந்த மூணும் வேண்டவே வேண்டாம்.

ஜனவரில போறீங்கன்னா ஒரு விஷயம், பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் உயரத்துல இருக்கு, காலைல நல்லா குளிரும். தண்ணி ரைட மதியத்துக்கு மேல வெச்சுக்கங்க. பாட்டோட மழை மாதிரி தண்ணி கொட்டற ரெயின் டிஸ்கோல வெதுவெதுப்பா தண்ணி விடறாங்க, என் பையன் அத விட்டு வெளிய வரவே மாட்டேன்னுட்டான்.

டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி வீட்டு சுவத்துல பிள்ளைங்க உயரத்த அளந்துடுங்க. செருப்பில்லாம, குதிகால் சுவத்துல ஒட்டி நிக்க வெச்சு அளக்கணும். அங்க குழந்தை டிக்கெட் வயச வெச்சு இல்ல, உயரத்த வெச்சு. 85 செ.மீ.க்கு கீழ இருந்தா டிக்கெட்டே கிடையாது, 140 வரைக்கும் குழந்தை டிக்கெட், அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட். பெரிய ரைடு பலதுக்கும் உயர வரம்பு இருக்கு, ரைடு வாசல்லயே போர்டு வெச்சிருப்பாங்க. என் பொண்ணு அந்த சமயம் 138, குழந்தை டிக்கெட் தான் எடுத்தோம், ஆனா பின்பக்கமாவே சுத்தி வர்ற ரிகாயில் மாதிரி ரைடுல ஏத்த மாட்டாங்கன்னு வீட்லயே சொல்லி மனச தயார் பண்ணிட்டோம். இல்லன்னா அங்க அளவுகோல் பக்கத்துல நின்னு அழுதிருப்பா, ஒரு மணி நேரம் அதுலயே போயிருக்கும். உங்க பிள்ளை 139ல நிக்குதுன்னா ஆறு மாசம் பொறுத்து போங்கன்னு கூட சொல்வேன், அந்த வயசுக்கு பெரிய ரைடு தான் முக்கியம்.

டிக்கெட்ட கேட்ல எடுக்காதீங்க, அவங்க வெப்சைட்லயே சில நாள் முன்னாடி எடுத்தா சலுகை வரும். காலேஜ் ஐடி இருந்தா தனி சலுகை இருக்கும், பத்தாவது பிளஸ் டூ எழுதின பிள்ளைங்களுக்கு கோடை லீவுல ஹால் டிக்கெட் காட்டினா குறைக்கற வழக்கமும் இருக்கு. 60 வயசு தாண்டினவங்களுக்கு ஆதார் கையில எடுத்துக்கங்க. என் அத்தைய, அதாவது மாமியார, கூட்டிட்டு போலாமா வேண்டாமான்னு வீட்ல ரொம்ப பேசினோம். பைய பாத்துக்க ஒரு ஆள் வேணும்ன்றதுக்காக பெரியவங்கள கூட்டிட்டு போகாதீங்க, அது அவங்களுக்கு பண்ற பாவம், லாக்கர் வாடகை அத விட கம்மி. அவங்களுக்கு ஆசை இருந்தா மட்டும் கூட்டிட்டு போங்க. அத்தை ஸ்கை வீல்ங்கற பெரிய ராட்டினத்துல மேல போய் சுத்தி இருக்கற தோப்பையும் குன்றையும் பாத்துட்டு, இந்த வயசுல இது போதும் தாயேன்னு என் கைய பிடிச்சுக்கிட்டாங்க.

இப்ப ரூம். மிச்சம் பிடிக்க முடியறது இங்க தான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. பெரிய ஹோட்டல்ல மதியம் 12 மணிக்கு செக் அவுட். முந்தின நாள் ராத்திரி போய் தங்கினா அடுத்த நாள் காலைல பார்க்குக்கு கிளம்பறப்பவே மூட்டைய கட்டணும், சாயந்தரம் ஈரத்தோட வந்தா குளிக்க இடம் இல்ல, அதுக்காக இன்னொரு நாள் வாடகை குடுப்போம். முதல் தடவை நாங்க குடுத்தோம். பெங்களூர் மெயின் பஸ் ஸ்டாண்ட் இருக்கற மெஜஸ்டிக் பக்கத்துல, காந்திநகர், காட்டன்பேட்டை தெருக்கள்ல 24 மணி நேர செக் அவுட் லாட்ஜ் நிறைய இருக்கு. நீங்க எத்தனை மணிக்கு உள்ள போறீங்களோ அடுத்த நாள் அதே மணி வரைக்கும் ரூம் உங்களோடது. அதனால ராத்திரி 9 மணிக்கு செக் இன் பண்ணுங்க, சீக்கிரம் போயிட்டா கூட கீழ உக்காந்து சாப்ட்டுட்டு 9க்கு சாவி வாங்குங்க. தூங்கி எந்திரிச்சு மூட்டைய ரூம்லயே விட்டுட்டு பார்க் போயிட்டு, 8 மணிக்குள்ள திரும்பி வந்து குளிச்சு துணி மாத்தி 9 மணிக்கு சாவிய குடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏறலாம். ஒரு நாள் வாடகைல முந்தின ராத்திரி தூக்கமும் பார்க் முடிஞ்சு வந்து குளியலும் ரெண்டும் கிடைச்சுது. நாங்க ஏசி இல்லாத ரூமுக்கு 1,400 குடுத்தோம், பெங்களூர்ல ஏசி எதுக்குங்க.

ஃபோன் பண்ணி கேக்க வேண்டியது சில இருக்கு. 24 மணி நேரமா இல்ல 12 மணி செக் அவுட்டானு தெளிவா கேளுங்க. அஞ்சு பேர்னு மொதல்லயே சொல்லுங்க, ஒரு லாட்ஜ்ல ஆன்லைன்ல குடும்ப ரூம்னு போட்டிருந்தத நம்பி போய் இறங்கினதுக்கப்புறம் கூடுதல் படுக்கைக்கு 500 கேட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு தூங்கற பையன தோள்ல போட்டுக்கிட்டு எங்க போய் சண்ட போடறது, குடுத்துட்டோம். அடுத்தது வெந்நீர். சின்ன லாட்ஜ்ல காலைல 6ல இருந்து 9 வரைக்கும் தான் வெந்நீர் வரும், நமக்கு வேணுங்கறது ராத்திரி 8 மணிக்கு. ரெண்டு பக்கெட் குடுப்பீங்களான்னு முன்னாடியே பேசிக்கங்க. பெரியவங்க எல்லாருக்கும் ஆதார் வேணும். பில்லுல ஜிஎஸ்டிய பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து நாள் வாடகை 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம் தான், இன்னும் 12 போட்டிருந்தா கேளுங்க. ரயில்ல வர்றவங்களுக்கு பெங்களூர் மெயின் ஸ்டேஷனான கேஎஸ்ஆர்லயே ரிட்டயரிங் ரூம்னு தங்கற ரூம் இருக்கு, கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோட பிஎன்ஆர் வெச்சு ஐஆர்சிடிசில புக் பண்ணலாம், ஆனா சீக்கிரம் தீந்துடும். ரிசர்வேஷன் இப்போ 60 நாள் முன்னாடி தான் திறக்குது, ஞாபகம் வெச்சுக்கங்க.

சேலத்துல இருந்து மதியம் கவர்மெண்ட் பஸ் ஏறினா ஓசூர் வரைக்கும் பிரச்சனை இல்ல, அதுக்கப்புறம் சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டினா பிள்ளைங்களுக்கு வாந்தியே வந்துரும். 2025 ஆகஸ்ட்ல இருந்து பொம்மசந்திராவுல மெட்ரோ மஞ்சள் லைன் ஓடுது. கண்டக்டர்ட்ட முன்னாடியே சொல்லி பொம்மசந்திராவுல இறங்கிக்கங்க, ஆர்.வி. ரோடு வரைக்கும் மஞ்சள், அங்க பச்சை லைன் மாறினா நேரா மெஜஸ்டிக். 3 அடிக்கு கம்மியான குழந்தைக்கு மெட்ரோல டிக்கெட் இல்ல.

காலைல மெஜஸ்டிக்ல இருந்து ஊதா லைன்ல கெங்கேரி பஸ் டெர்மினல் ஸ்டேஷன்ல இறங்கி, பிடதி போற பிஎம்டிசி டவுன் பஸ் பிடிங்க, 226ன்னு ஆரம்பிக்கற நம்பர் பஸ் அந்த ரோட்ல தான் போகும். பார்க் மைசூர் ரோட்ல 28வது கிலோமீட்டர்ல இருக்கு. மெஜஸ்டிக்ல இருந்து முழுசா கேப்ல போறதுக்கும் இதுக்கும் செலவு வித்தியாசத்துல அஞ்சு பேர் காலை டிபன் சாப்ட்டுடலாம். மைசூர் போற நான் ஸ்டாப் பஸ்ல ஏறிடாதீங்க, நடுவுல நிக்காது. கர்நாடகா பஸ்ல லேடீஸ்க்கு ஃப்ரீன்னு கேள்விப்பட்டு நம்ம பொம்பளைங்க டிக்கெட் வாங்காம உக்காந்துடறாங்க, அந்த சக்தி திட்டம் கர்நாடகாவுல குடியிருக்கறவங்களுக்கு மட்டும், நமக்கு டிக்கெட் எடுக்கணும். கார்ல போறவங்க எக்ஸ்பிரஸ்வேல ஏறாம சர்வீஸ் ரோட்லயே போனா டோலும் இல்ல, இறங்கற வழிய தவறவிட்டு தூரமா போய் சுத்தி வர்ற வேலையும் இல்ல.

சாப்பாடு. வெளி சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, கைக்குழந்தைக்கு உள்ளது மட்டும் விடுவாங்க. அதனால காலைல வயிறு நிறைய சாப்பிடணும். பார்க்க தாண்டி கொஞ்ச தூரம் போனா பிடதி, அங்க தட்டு இட்லி பேர் போனது. பெரிய தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மெத்து மெத்துன்னு, மேல வெண்ணெய் ஒரு உருண்டை, தொட்டுக்க சட்னி. ரெண்டு சாப்ட்டா மதியம் ரெண்டு மணி வரைக்கும் பசிக்காது. பஸ்ல நேரா பிடதி போய் சாப்ட்டுட்டு ஆட்டோல பார்க்குக்கு திரும்பி வந்தோம், அந்த ஆட்டோ காசு தண்டம் இல்ல. அது முடியலன்னா மெஜஸ்டிக்லயே தர்ஷினின்னு சொல்ற சின்ன டிபன் கடை ஏதாவது ஒன்னுல நின்னுக்கிட்டே சாப்பிடலாம், விலையும் கம்மி, வேகமும் ஜாஸ்தி. உள்ள மதிய சாப்பாட்ட 12க்கு இல்லன்னா ரெண்டரைக்கு மேல வெச்சுக்கங்க, ஒரு மணிக்கு போனா அங்கயும் வரிசை. காலி பாட்டில் எடுத்துட்டு போங்க, குடிதண்ணி உள்ள பிடிச்சுக்கலாம்.

தண்ணி ரைடுக்கு நைலான், பாலியஸ்டர் மாதிரி துணி தான், காட்டன் சுடிதார், ஜீன்ஸ், புடவையோட இறங்க விட மாட்டாங்க. இத ஊர்லயே வாங்கிடுங்க. சின்னக்கடை வீதில பிள்ளைங்களுக்கு ஸ்போர்ட்ஸ் டி சர்ட்டும் ட்ராக்கும் எடுத்தேன், அது அப்புறம் ஸ்கூல் பிடி பீரியடுக்கும் ஆச்சு. எனக்கு முழுக்கை டாப்பும் லெக்கின்ஸும் பாலியஸ்டர்ல எடுத்துக்கிட்டேன், கூச்சமில்லாம அலை குளத்துல நிக்க முடிஞ்சுது.

ரைடு 11 மணிக்கு ஆரம்பிக்கும், வார நாள்ல 6 மணிக்கு முடியும். பத்தரைக்கு கேட்ல இருங்க. உள்ள போனதும் பிள்ளைங்க கண்ணுல படற முதல் ரைடுக்கு ஓடும், விடாதீங்க. பெரிய ரைடுங்கள முதல் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுடுங்க, அப்ப தான் வரிசை சின்னது. அப்பாவும் பொண்ணும் ஒரு பக்கம், நானும் பையனும் குழந்தைங்க ரைடு பக்கம்னு பிரிஞ்சுட்டோம், 12 மணிக்கு ஒரே இடத்துல சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். ஃபோன் லாக்கர்ல இருக்கும்ன்றதால இத பேசி வெச்சுக்கறது முக்கியம். தண்ணி ரைடு நாலரை மணிக்கே முடிச்சுட்டு வெளிய வாங்க, கடைசில எல்லாரும் ஒரே நேரத்துல துணி மாத்தற ரூமுக்கு வருவாங்க.

சென்னை பக்கம் இருக்கறவங்களுக்கு 2025 டிசம்பர்ல இருந்து திருப்போரூர் பக்கத்துலயே ஒரு வொண்டர்லா வந்துருச்சு. கோயம்புத்தூர்காரங்களுக்கு கொச்சி கிட்ட, 2000ல வீகாலேண்ட்னு ஆரம்பிச்சது அது தான். பிள்ளைங்க ரொம்ப சின்னது, தண்ணில ஆடினா போதும்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போதும், ரூமே வேண்டாம், காலைல போய் சாயந்தரம் வந்துடலாம்.

திரும்பி வர்றப்போ பெங்களூர் சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நம்ம ஊர் பஸ் ராத்திரி முழுக்க இருக்கு. ஈரத்துணிக்கு தடிமனான பிளாஸ்டிக் கவர் ரெண்டு, ஒரு பெட்ஷீட், நாலு வாழப்பழம், வாந்தி வந்தா பிடிக்க ஒரு கவர், இத மேல் பைல வெச்சுக்கங்க. பிள்ளைங்க ஓசூர் தாண்டறதுக்குள்ள தூங்கிடும், ஜன்னல நல்லா சாத்திடுங்க, தலை ஈரம் முழுசா காஞ்சிருக்காது.