போர்க்கால அதிபருக்கு மக்கள் ஆதரவு எவ்வளவு? கருத்துக்கணிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர் நடத்தும் நாட்டின் அதிபரைப் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வந்துவிட்டால் போதும், உடனே இரண்டு தலைப்புகள் வரும். ஒன்று, 'நாடே அவர் பின்னால் நிற்கிறது'. இன்னொன்று, 'மக்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்கள்'. பல நேரங்களில் இரண்டு தலைப்பும் ஒரே எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. போரை நீட்டிக்கவும் நிறுத்தவும் இந்த எண்களையே சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். உயிர் போகிற விஷயம் இது. அதனால் அவற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதிருப்தி என்றாலே போர் எதிர்ப்பு என்று நினைப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அதிபரின் செயல்பாடு பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் போரை நிறுத்தச் சொல்கிறார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 'இவர் போதுமான அளவு அடிக்கவில்லை' என்று கோபப்படுகிறவரும் அதே பெட்டியில்தான் டிக் அடிக்கிறார்.

1968-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். அந்த ஆண்டு ஜனவரி கடைசியில் வியட்நாமில் டெட் தாக்குதல் நடந்தது. போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தெற்கு வியட்நாமின் நகரங்களுக்குள்ளேயே எதிரிகள் புகுந்துவிட்டார்கள். அதிபர் லிண்டன் ஜான்சனின் ஆதரவு மார்ச் மாதம் 36 சதவீதத்துக்கு வந்தது. அந்த மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி 42 சதவீத வாக்குகள் வாங்கினார். வாக்குச்சீட்டில் ஜான்சன் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டு அவருக்கு 49 சதவீதம் கிடைத்தது. பதவியில் இருக்கும் அதிபருக்கு அது தோல்வி மாதிரிதான். மார்ச் 31 அன்று தொலைக்காட்சியில் பேசிய ஜான்சன், மறுபடியும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

'போர் வேண்டாம் என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள்' என்றே இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களை அரசியல் ஆய்வாளர்கள் பிறகு பிரித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. ஜான்சன் இன்னும் கடுமையாகப் போரிட வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையவே இருந்தார்கள். படைகளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னவர்களைவிட அவர்களின் எண்ணிக்கை அதிகம். அதாவது, ஒரே வாக்கு, நேரெதிரான இரண்டு கோரிக்கைகள். அந்த 36-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மக்களின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அதிபர் பற்றிய கேள்வியோடு போர் பற்றிய கேள்வியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று கேலப் நிறுவனம் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 சதவீதம். 1968 ஆகஸ்டில் 53 சதவீதம். சரி, பாதிக்கு மேல் ஆகிவிட்டதே என்றால், இங்கேயும் நிதானம் வேண்டும். 'தவறு' என்று சொன்னவர்களிலும் உடனே வெளியேறச் சொன்னவர்கள் ஒரு பகுதிதான். 'இறங்கியது தப்பு, இறங்கியபின் ஜெயித்துவிட்டு வா' என்பவர்களும் அதில் இருந்தார்கள்.

சத்தத்தைக் கணக்காக எடுத்துக்கொள்வது

வியட்நாம் போரை இளைஞர்கள் எதிர்த்தார்கள், பெரியவர்கள் ஆதரித்தார்கள் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அந்தக் காலக் கணிப்புகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. முப்பது வயதுக்குட்பட்டவர்கள்தான் போரை அதிகம் ஆதரித்தார்கள். ஐம்பதைக் கடந்தவர்கள்தான் அதைத் தவறு என்று அதிகம் சொன்னார்கள். பல்கலைக்கழக வளாகப் போராட்டங்களின் படங்கள் நம் நினைவில் தங்கிவிட்டதால், கல்லூரிப் பக்கமே போகாத இளைஞர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள்.

1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். நாடே கொதித்தது என்றுதான் இன்று எழுதுகிறார்கள். அந்த மாதமே எடுத்த ஒரு கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள்மேலேயே பழி போட்டார்கள். காவல்படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம். படிக்க வலிக்கிற எண்தான். ஆனால் மக்கள் கருத்து என்னவென்று தெரிய வேண்டுமானால் வலிக்கிற எண்களையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதல் அலையை நம்பிவிடுவது

2001 செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ஆதரவு 51 சதவீதம். 11-ஆம் தேதி தாக்குதல் நடந்தது. செப்டம்பர் முடிவதற்குள் 90 சதவீதம். கேலப் கணிப்புகளில் எந்த அதிபரும் அதைத் தாண்டியதில்லை. அந்தச் சில நாட்களில் அவருடைய திறமை இரட்டிப்பாகிவிடவில்லை. ஆபத்து வந்ததும் மக்கள் கொடியின் பின்னால் திரண்டார்கள். எதிர்க்கட்சியினரும் விமர்சனத்தை நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவுதான். இந்தத் திரளலை ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் 1970-லேயே விளக்கி எழுதியிருக்கிறார்.

தோல்வி அடைந்தாலும் இந்த அலை வரும். 1961 ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் அமெரிக்கா ஏவிவிட்ட படை மூன்றே நாளில் சரணடைந்தது. அது அதிபர் கென்னடிக்குப் பெரிய அவமானம். அதன்பின் அவருடைய ஆதரவு 83 சதவீதத்துக்கு ஏறியது. அப்படியென்றால் ஏறிய எண்ணை வைத்து 'மக்கள் இவர் முடிவைப் பாராட்டுகிறார்கள்' என்று எப்படிச் சொல்ல முடியும்? மூத்த புஷ்ஷுக்கு வளைகுடாப் போர் முடிந்த 1991 பிப்ரவரி கடைசியில் 89 சதவீதம். அடுத்த ஆண்டு நவம்பரில் பொருளாதாரச் சுணக்கத்தில் தேர்தலில் தோற்றுவிட்டார்.

சராசரியை நாடு என்று எடுத்துக்கொள்வது

2004-இல் இளைய புஷ்ஷுக்கு ஆதரவு ஏறக்குறைய பாதிப் பாதி. ஆனால் மக்கள் இரண்டுங்கெட்டான் மனநிலையில் இருக்கவில்லை. குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஒன்பது பேர் அவரை ஆதரித்தார்கள். ஜனநாயகக் கட்சியினரில் பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. 'ஐம்பது சதவீதம்' என்ற எண்ணில் நாம் பார்க்கும் நடுநிலை அந்த நாட்டில் எங்கேயும் இல்லை.

இலங்கையை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. போர் 2009 மே மாதம் முடிந்தது. 2010 ஜனவரி 26 அன்று நடந்த அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்ச 57.88 சதவீத வாக்குகளுடன் வென்றார். 'நாடு அவரது போரை அங்கீகரித்தது' என்று அன்று எழுதினார்கள். அவருக்கு வாக்களித்த தெற்கைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை என்று வடக்கு கிழக்கில் அவர் தோற்றார். அதிலும் யாழ்ப்பாணத்தில் வாக்களிக்க வந்தவர்களே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்தவர்களை, வாக்களித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை, அந்த 57.88 எங்கே கணக்கில் வைத்திருக்கிறது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடக்கு கிழக்கில் அதிக வாக்கு வாங்கியவர் சரத் பொன்சேகா. அதே போரை நடத்திய ராணுவத் தளபதி. தமிழர்கள் அவரை நேசித்து வாக்களித்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராஜபக்சவை அகற்ற அந்தச் சீட்டில் வேறு வழி இல்லை. ஒரு வாக்கின் அர்த்தத்தை வேட்பாளரின் பெயரில் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

யாரிடம், என்ன கேட்டார்கள் என்று பார்க்காமல் விடுவது

'நம்புகிறீர்களா', 'செயல்பாடு திருப்தியா', 'இன்று தேர்தல் வந்தால் வாக்களிப்பீர்களா' என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். போர்க்காலத்தில் முதல் கேள்விக்கு ஆம் என்பவர் மூன்றாவதற்கு இல்லை எனலாம். 2025 பிப்ரவரியில் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கிக்கு 4 சதவீத ஆதரவுதான் இருக்கிறது என்று டிரம்ப் சொன்னார். அதே மாதம் கீவ் சர்வதேசச் சமூகவியல் நிறுவனம் எடுத்த கணிப்பில் 57 சதவீதம் பேர் அவரை நம்புவதாகச் சொன்னார்கள். 2022 மே மாதத்தில் அது 90. ஆக, சரிவு உண்மை, 4 என்பது உண்மையில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மறுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த நிறுவனம் தொலைபேசியில்தான் பேட்டி எடுக்கிறது, அதுவும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் மட்டும். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் சிக்கியவர்களும் வெளிநாடு போய்விட்டவர்களும் அதில் இல்லை. இதை அவர்களே ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறார்கள், செய்திகளில்தான் அந்த வரி காணாமல் போகிறது.

ரஷ்யாவின் நிலை வேறு. லெவாடா மையத்தின் கணிப்பில் புதினின் ஆதரவு 2022 பிப்ரவரியில் 71 சதவீதம், மார்ச்சில் 83. ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்ததும் அதே மார்ச்சில்தான். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கே வந்து அதிபரைப் பிடிக்குமா என்று கேட்டால், அந்த நாட்டில் இருக்கும் ஒருவர் என்ன சொல்வார்? அதற்காக எல்லாமே பயத்தில் சொன்ன பொய் என்று ஒதுக்குவதும் தவறுதான். அந்த ஏற்றத்தில் எவ்வளவு கொடி, எவ்வளவு பயம் என்பதை அந்த எண்ணிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் மூன்று சதவீதப் புள்ளிவரை ஏற்ற இறக்கம் இயல்பு. 47 போன வாரம், 45 இந்த வாரம் என்றால் 'சரிவு' என்று எழுத எதுவும் இல்லை.

'வரலாறு காப்பாற்றும்' என்று சொல்வது

கொரியப் போர் இழுத்துக்கொண்டிருந்த 1952 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் ஆதரவு 22 சதவீதம். இன்று வரலாற்றாசிரியர்கள் அவரைச் சிறந்த அதிபர்களின் வரிசையில் வைக்கிறார்கள். ஈராக் போரில் இளைய புஷ்ஷின் ஆதரவு இறங்க இறங்க, அவரது ஆதரவாளர்கள் ட்ரூமனைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஆனால் ட்ரூமனை உயர்த்தியதில், போருக்குப் பின் ஐரோப்பாவைக் கட்டியெழுப்ப உதவிய மார்ஷல் திட்டத்துக்கும் நேட்டோவுக்கும் ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்கிய 1948 ஆணைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆதரவு குறைந்த அதிபர்கள் பலர் ஆதரவு குறைந்தவர்களாகவே நினைவில் நிற்கிறார்கள். ஜான்சன் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தந்த சிவில் உரிமைச் சட்டங்களுக்காக இன்று போற்றப்படுகிறார், வியட்நாமுக்காக அவரை யாரும் மன்னிக்கவில்லை.