ரொக் பாண்டை விடாமலே ஜாஸ் வாசிக்க

ரொக் பாண்டில் ட்ரம்ஸ் அடிக்கிறீர்கள், ஜாஸும் வாசிக்க ஆசையா? எதையும் விட வேண்டியதில்லை. ட்ரம்மர் சார்லி வாட்ஸ் 1963இலிருந்து 2021இல் இறக்கும்வரை ரோலிங் ஸ்டோன்ஸில்தான் இருந்தார். அதற்கு நடுவிலேயே 1980களில் ஒரு பெரிய ஜாஸ் ஓர்க்கெஸ்ட்ரா, 1991இல் ஜாஸ் சக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்காகக் குயின்டெட் (ஐந்து பேர் குழு) இசைத்தட்டு, பிறகு பத்துப் பேர் குழு என்று நடத்திக்கொண்டே போனார்.

முதலில் வலது காலை அடக்குங்கள். ரொக்கில் பாட்டைத் தாங்குவது அந்தக் கால் அடிக்கும் பாஸ் ட்ரம். ஜாஸில் அந்த வேலை ரைட் சிம்பலுக்கு (ride, தொடர்ந்து தட்டும் பெரிய தாளத்தட்டு) போய்விடுகிறது, கால் நாலு பீட்டையும் தொட்டாலும் அது கேட்கிறதா இல்லையா என்ற அளவில்தான் இருக்க வேண்டும். பாஸ் (தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம்) வாசிப்பவரிடமே கேளுங்கள், தெளிவாகக் கேட்கிறது என்றால் இன்னும் குறையுங்கள். இடது கால் 2இலும் 4இலும் ஹை-ஹாட்டை (காலால் மூடும் இரட்டைச் சிம்பல்) மூடட்டும். மெட்ரோனோமை 60இல் வைத்து, அந்தக் க்ளிக்கையே 2, 4 என்று எண்ணி வாசியுங்கள் (வேகம் 120). ஆரம்பத்தில் க்ளிக் வழுக்கி 1இல் போய் உட்கார்ந்துகொள்ளும், எரிச்சலாகத்தான் இருக்கும்.

கல்யாண வீட்டில் பைலா அடித்த கை என்றால் நல்லது. 6/8இல் பீட்டை மூன்றாகப் பிரித்துப் பழகியிருப்பீர்கள்; அந்த மூன்றில் நடுவிலுள்ளதை விட்டால் ஸ்விங்குக்கு, அதாவது ஜாஸின் அந்த ஆடும் நடைக்கு, கிட்ட வந்துவிடுவீர்கள். வேகம் கூடக் கூட இந்தக் கணக்கு மங்கிவிடும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ப்ரஷ், அதாவது குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும் கம்பித் தூரிகை. வாட்ஸ் தொடங்கியதே அதில்தான்: ஜாஸ் ட்ரம்மர் சிகோ ஹமில்டனின் ப்ரஷ் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தன் பான்ஜோவின் கழுத்தைக் கழற்றி அதையே ட்ரம் ஆக்கிக்கொண்டார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது, இரவில் வாசித்தாலும் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டமாட்டார். இடது கை வட்டமாகத் தேய்க்க, வலது கை, ரைட் சிம்பலில் வாசிக்கும் அதே பாட்டர்னைத் தட்டும். ஸ்னேரில் சொரசொரப்பான கோட்டட் ஹெட் (பூச்சுப் பூசிய ட்ரம் தோல்) வேண்டும், வழவழப்பானதில் தேய்க்கும் சத்தமே வராது. பயிற்சிக்குக் காலி பீட்சா பெட்டி போதும்.

புது செட் வாங்க ஓடாதீர்கள். பாஸ் ட்ரம்முக்குள் திணித்த தலையணையை எடுத்துவிட்டு ஹெட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஜாஸ் பாட்டுகளின் வழக்கமான வடிவங்களான 12 பார் (நாலு பீட் கொண்ட தாள வட்டம்) ப்ளூஸ், 32 பார் ஏஏபிஏ (ஒரு பகுதி இருமுறை, வேறொன்று, மறுபடி முதலாவது) இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். சோலோவிலும் மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே இருந்தால் இடம் தவறாது. சனிக்கிழமையை ரொக்குக்கு விட்டுவிட்டு, ஹோட்டல் லொபி வாசிப்புகளைக் கிழமை நாட்களில் பிடியுங்கள். காசு குறைவுதான், ஆனால் ஸ்னேர், ஹை-ஹாட், ஒரு ரைட், ப்ரஷ் மட்டும் என்றால் ஓட்டோவிலேயே போய் வரலாம்.