மகத்துக்குத் தெற்கே இரண்டு முட்டி: கைகள் இல்லாத விண்மீன் மண்டலத்தைத் தேடுவது எப்படி?

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் முதலில் தேடுவது சுருள் கைகள் விரிந்த விண்மீன் மண்டலத்தை, அதாவது கேலக்ஸியைத்தான். கண்ணுக்குக் கிடைப்பதோ பஞ்சுத் துணுக்கு. படத்தில் பார்த்த கைகள் எங்கே என்று சலித்துப்போகிறார்கள். கைகளே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கினால் அந்த ஏமாற்றம் இல்லை. என்ஜிசி 3115 (என்ஜிசி என்பது வானியல் பட்டியல் ஒன்று, 3115 அதில் இதன் எண்) அப்படிப்பட்டது. 1787-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது; நம்மிடமிருந்து சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவு. வில்லை வடிவ வகையைச் சேர்ந்தது.

ஓர் ஆப்பத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. அவ்வளவுதான் இதன் வடிவம்.

முதலில் நாள். மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை. மார்ச் நடுவில் இரவு பத்தரை வாக்கில் இது உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவில் எட்டரைக்கே வந்துவிடும். வைகாசியில் கச்சான் காற்று எழுந்தால் மணல்தான் பறக்கும், விட்டுவிடுங்கள்.

அடுத்து இடம். தனுஷ்கோடி நினைவுக்கு வரும், ஆனால் இருட்டிய பிறகு அங்கே தங்க விடுவதில்லை. நான் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கம் போகிறேன்; தெற்கே முழுக்கக் கடல். ஊர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். இலங்கைக்கு எதிர்க்கரையில், நள்ளிரவில், நீளக் குழாயோடு நிற்பவரை யாரும் விசாரிக்கத்தான் செய்வார்கள்.

கருவி 6 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி என்றால் வசதி. 4 அங்குலத்திலும் தெரியும். டார்ச் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டி, அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். இடையில் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இனிதான் தேடல். கடலைப் பார்த்து, அதாவது தெற்கு நோக்கி நில்லுங்கள். உச்சந்தலைக்கு மேலே அரிவாள் போல வளைந்த கூட்டத்தின் பிடியில் ஒரு பிரகாசமான விண்மீன் இருக்கும். பஞ்சாங்கத்தில் வரும் மகம் அதுதான்; ரெகுலஸ் என்பார்கள். கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மகத்திலிருந்து தெற்கே, கடல் பக்கமாக, இரண்டு முட்டி இறங்குங்கள். அந்த இடத்தில் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சரிபார்க்க வலப்பக்கம் பாருங்கள்: அக்கம்பக்கம் துணையில்லாமல் செம்மஞ்சளாக ஒரு விண்மீன், ஆல்ஃபார்ட். அரபியில் அதன் பெயருக்கே தனித்திருப்பது என்றுதான் பொருள். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு முட்டி வந்தால் அதே இடத்தில் நிற்பீர்கள். வழியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு மங்கல் விண்மீன் உண்டு. அதைத் தேடுகுழாயில் (தொலைநோக்கியின் மேல் பொருத்திய சிறு குழாய்) பிடித்து, கிழக்கே மூன்று பாகை நகர்த்தினால் போதும். தேடுகுழாய் படத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதை மறந்து நான் இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

30 மடங்கு பெருக்கத்தில் தொடங்குங்கள். சாய்ந்த சிறு கீற்று ஒன்று தட்டுப்படும். இப்போது 80, 100 என்று ஏற்றி, நேராக முறைக்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, அதைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன. நடுவில் கூர்மையான ஒளிப்புள்ளி. இருபுறமும் வடகிழக்கும் தென்மேற்குமாக ஓடி மெலியும் நுனிகள். நூற்கும் கதிர் போல இருப்பதால் ஸ்பிண்டில் என்று பெயர். அது நமக்கு ஓரத்தைக் காட்டி நிற்பதால்தான் இந்தத் தோற்றம். எதிர்கொண்டு நின்றிருந்தால் வட்டமான மங்கலாகவே தெரிந்திருக்கும்.

கைகள் ஏன் இல்லை? புது விண்மீன் பிறக்க வாயு வேண்டும். இதில் அது ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இளமையான நீல விண்மீன்கள்தான் சுருள் கைகளை மின்னவைப்பவை. இங்கே மிஞ்சியவை விறகு தீர்ந்த அடுப்பின் தணல் போல மஞ்சளும் சிவப்புமான கிழ விண்மீன்கள். (உங்கள் கண்ணுக்குச் சாம்பல் நிறமே தெரியும்.) வானியலாளர் ஹபிளின் வகைப்பாட்டில் இவ்வகைக்கு எஸ்0 என்று பெயர், நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடையில் உட்காரும். நீங்கள் பார்த்த அந்த ஒளிப்புள்ளிக்குள் நூறு கோடிச் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருப்பதாக 1992-இல் கணித்தார்கள். சுற்றியுள்ள விண்மீன்களின் வேகம்தான் காட்டிக்கொடுத்தது.

கிளம்பும் முன் பென்சிலால் ஒரு படம் வரையுங்கள். கடற்காற்றில் கண்வில்லை பனித்துப்போனால் துண்டால் துடைக்காதீர்கள். ரப்பர் ஊதியால் ஊதி, தானாக உலர விடுங்கள். நான் துடைத்தேன். உப்பும் மணலும் சேர்ந்து கிழித்த கோடு இன்னும் அதில் இருக்கிறது.