சிக்னல் நின்றும் மோட்டார் நிற்காவிட்டால்

செங்கோட்டைத் தோப்பில் அரை எச்பி மோட்டாருக்குப் போட்ட எஸ்எஸ்ஆர் போர்டு (அசையும் பாகம் இல்லாத மின்னணு ரிலே), சிக்னலை நிறுத்தியும் அணையவில்லை. கரண்ட் சுழியாகும்போது டிரையாக்கின் (போர்டில் மெயினை ஆன்-ஆஃப் செய்யும் செமிகண்டக்டர்) மேல் வோல்டேஜ் சட்டென எகிறி, அதுவே மறுபடி ஆன் ஆகிவிடுகிறது. மோட்டார் சுருளின் வேலை. டிரையாக்குக்கு இணையாக 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயினுக்கான பாதுகாப்பு வகை) கெபாசிட்டரும் தொடராகச் சேர்த்ததும் அடங்கியது. ஆனால் சிக்னல் இல்லாதபோதும் இந்த இணைப்பின் வழியே 7 மில்லியாம்பியர் கசிந்துகொண்டே இருக்கும்; மெயினை அணைக்காமல் மோட்டார் வயரைத் தொடவே கூடாது.

230 வோல்ட்டின் உச்சம் 325. அதனால் டிரையாக்கை ஒளி மூலம் தூண்டும் ஆப்டோகப்ளர் சிப்பாக 400 வோல்ட் எம்ஓசி3041 வேண்டாம், 600 வோல்ட் எம்ஓசி3063 போடுங்கள். அதன் அடியில் போர்டை அறுத்து இடைவெளி விடுங்கள். சாரல் ஈரத்தில் கரண்ட் தாவும்.

சோதனையில் முதலில் 5 வோல்ட் மட்டும். பிறகு ஆர்சிசிபி (கசிவு கண்டால் மெயினை வெட்டும் சுவிட்ச்) வழியாக, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மெயின் கொடுங்கள். ஷார்ட் என்றால் பல்பு முழுதாக எரியும், போர்டு தப்பிக்கும்.