புள்ளி நகரவில்லை: நெடுநடை போனவர்களை வீட்டிலிருந்து பின்தொடர்வோர் செய்யும் தவறுகள்

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவர் ஒரு வாரமாகச் சாப்பாட்டை ஆறவிட்டுத்தான் சாப்பிடுகிறார். இடது கையில் ஃபோன், ஃபோனில் ஒரு மேப், மேப்பில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவருடைய மகள். அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையில் தொடங்கி கனடா எல்லைவரை போகும் பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயிலில் நடந்துகொண்டிருக்கிறாள். மொத்தம் சுமார் 4,265 கிலோமீட்டர்.

“ஏங்க, மூணு மணி நேரமா இது நகரவே இல்லையே?”

“அங்க இப்ப நடுராத்திரிங்க. தூங்குறா.”

சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த நாளும் அதே கேள்வி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இதே கேள்வியை இதைவிட மோசமாகக் கேட்டவள் நான். என் தம்பி அந்தப் பாதையை முழுதாக நடந்தான். இரண்டு வருடம் கழித்து நியூசிலாந்தின் தே அராரோவாவையும் நடந்தான், அது சுமார் 3,000 கிலோமீட்டர். இரண்டு முறையும் வீட்டில் உட்கார்ந்து மேப் பார்த்தது, அம்மாவுக்குப் பதில் சொன்னது, கணக்கு வைத்தது எல்லாம் நான்தான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். நேர வித்தியாசம் பாருங்கள், ஃபோனை சார்ஜில் வையுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாதது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மற்றவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

அந்தப் பாதையில் சுமார் 1,130-வது கிலோமீட்டரில் கென்னடி மெடோஸ் என்ற இடம் வரும். அதுவரை பாலைவனம் மாதிரியான நிலம்; அதன்பிறகு சியெரா நெவாடா மலைகள். அங்கே நாள்கணக்கில் ஃபோன் சிக்னல் கிடையாது. தம்பியிடம் சாட்டிலைட் ட்ராக்கர் இருந்ததால் நான் தைரியமாக இருந்தேன். பாதையிலேயே உயரமான இடம் ஃபாரஸ்டர் கணவாய், 4,009 மீட்டர். அதை ஏறி, மறுபக்கம் கொஞ்ச தூரம் இறங்கியதும் புள்ளி நின்றது. இரவு போனது, அடுத்த பகல் போனது, இன்னோர் இரவும் போனது. புள்ளி அங்கேயே.

முதல் பத்து மணி நேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி இரண்டு புள்ளிகளை இணைத்த கோடு ஒரு ஏரிக்கு நடுவே போயிற்று. அவ்வளவுதான், பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்துவிட்டான் என்று முடிவுகட்டிவிட்டேன். ட்ராக்கர் பத்து நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒரு புள்ளிதான் அனுப்பும், நடுவில் உள்ளதை மேப் தானாகவே நேர்கோடாக இழுத்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டை நம்பினால் நம்மவர்கள் ஏரி, பாறை, பள்ளத்தாக்கு எல்லாவற்றின் மேலும் பறந்துதான் போயிருக்க வேண்டும்.

பதினான்கு மெசேஜ் அனுப்பினேன். பல சந்தாத் திட்டங்களில் நாம் அனுப்புவதும் அவர்களுடைய கணக்கில்தான் கழியும் என்பது பில் வந்தபிறகு புரிந்தது. பிறகு உதவிக்கு அழைக்க 911 என்று அழுத்தினேன். வேறு நாட்டிலிருந்து அழுத்தினால் அது அங்கே போகாது என்பதுகூட பதற்றத்தில் தோன்றவில்லை. இணையத்தில் தேடி அந்தப் பகுதியின் ஷெரீஃப், அதாவது காவல் தலைவர், அலுவலகம் ஒன்றின் முழு எண்ணைப் பிடித்தேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் தேடல், மீட்பு எல்லாம் அந்தந்த கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீஃபின் பொறுப்பு. தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்களின் பொறுப்பு. நான் சொன்ன இடம் பூங்காவுக்குள் இருந்தது. அவர்கள் பொறுமையாக இன்னோர் எண் கொடுத்தார்கள்.

அங்கே கேட்ட கேள்விகள் இன்னும் காதில் கேட்கின்றன. டென்ட் என்ன நிறம்? மேல்சட்டை என்ன நிறம்? எத்தனை நாளுக்குச் சாப்பாடு வைத்திருக்கிறார்? அடுத்து எந்த வழியாக ஊருக்கு இறங்குவதாகத் திட்டம்? கூட யார்? ஷூவின் அடிப்பாகம் எப்படி இருக்கும்? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தம்பிக்குப் பிடித்த பாட்டு என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், பேட்டரி குறைகிறதே என்று ட்ராக்கரை அணைத்துப் பைக்கு அடியில் போட்டுவிட்டு, கியர்சார்ஜ் கணவாய் வழியாகப் பாதையை விட்டு இறங்கி, ஊருக்குப் போய், ஒரு அறை எடுத்து, பதினான்கு மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தான். நடைக்காரர்கள் இதை ஜீரோ டே என்பார்கள். பாதையில் ஒரு கிலோமீட்டர்கூட நகராத ஓய்வுநாள். சாப்பாடு வாங்கப் பலரும் இறங்கும் வழிதான் அது. அவன் எழுந்து ஃபோனை சார்ஜ் போட்டுப் பார்ப்பதற்குள், அவனைத் தேடி இரண்டு பேர் மேலே ஏறத் தொடங்கிவிட்டார்கள். அரைநாள் ஏற்றம். அதே நேரத்தில் உண்மையிலேயே கால் உடைந்த ஒருவர் வேறு பக்கம் கிடந்திருந்தால்? யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

“அக்கா, ட்ராக்கர் என்னைக் காப்பாத்தத்தான். உன்னைச் சமாதானப்படுத்த இல்ல,” என்றான். நான் புள்ளியைப் பார்க்கும் மேப் லிங்க்கை மூன்று வாரம் மூடிவிட்டான்.

இதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. முதலாவது, கருவி எப்படி வேலை செய்கிறது என்பது. ட்ராக்கருக்கு இரண்டு வேலை உண்டு. ஜிபிஎஸ் சாட்டிலைட்களைக் கேட்டு தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதை வேறொரு சாட்டிலைட்டுக்குத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. கார்மின் இன்ரீச் மாதிரிக் கருவிகள் இரிடியம் என்ற தொகுப்புக்கு அனுப்புகின்றன. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் 66 சாட்டிலைட்கள் அவை. அடர்ந்த மரம், குறுகிய பள்ளத்தாக்கு, பைக்குள் துணிமூட்டை, இவற்றில் எது மறைத்தாலும் புள்ளி தாமதமாகும், அல்லது வராமலே போகும். சில கருவிகள் ஒருவழிப் பாதை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்கே தெரியாது. நின்றுபோன புள்ளியிலிருந்து நமக்குத் தெரிவது ஒன்றுதான்: கடைசியாக எங்கிருந்து சேதி வந்தது.

இரண்டாவது, மௌனத்தை எங்கிருந்து எண்ணுவது என்பது. கடைசிப் புள்ளியிலிருந்து எண்ணக் கூடாது. அவர்கள் அடுத்த ஊருக்கு இறங்குவதாகச் சொன்ன நாளிலிருந்து எண்ண வேண்டும். ஏழு நாள் நடை என்று கிளம்பினால் அந்த ஏழு நாளில் ஒரு புள்ளிகூட வராவிட்டாலும் அது தகவலே இல்லை. எட்டாவது நாளும் முழுதாகக் கழிந்து, எந்தச் சேதியும் இல்லை என்றால் நான் அழைப்பேன். எட்டு என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். நடப்பவரே அதைச் சொல்ல வேண்டும், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விதிவிலக்கும் உண்டு. கடைசி மெசேஜில் காய்ச்சல் என்றோ, ஆறு பெருகிக் கிடக்கிறது, நாளை கடப்பேன் என்றோ இருந்தால் கணக்கு மாறும்.

தே அராரோவாவில் ஓர் ஆற்றங்கரைக் குடிலில் புள்ளி இரண்டு நாள் அசையவில்லை. அம்மா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நான் எட்டாம் நாள் வரட்டும் என்று இருந்தேன். மழையில் ஆறு ஏறிவிட்டது, வடியட்டும் என்று அவன் குடிலில் காத்திருந்தான். அந்த நாட்டில் ஆற்றைக் கடக்கப் போய் உயிர்விட்ட நடைக்காரர்கள் உண்டு. அங்கே நகராத புள்ளியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கலாம். குடிலில் ஒரு பதிவேடு இருக்கும். எப்போது வந்தேன், அடுத்து எங்கே போகிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்புவது வழக்கம். தேட வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

அடிவார ஊரின் வானிலையைப் பார்ப்பது

“அங்க வெயில்தான் அடிக்குது, குளிராதாம்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது அடிவாரத்து ஊரின் வானிலை, அது சுமார் 1,200 மீட்டரில் இருக்கிறது. அவன் இருந்ததோ 4,000 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, ஊரில் 25 என்றால் கணவாயில் 7. காற்று அடித்தால் இன்னும் குறைவாகத் தெரியும். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். உயரத்தைக் குறிப்பிட்டு மலைக்கென்று கணிக்கும் தளங்கள் இருக்கின்றன. அதைவிட நல்லது, பார்க்காமலே இருப்பது. நமக்குத் தெரிந்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எல்லாப் பெட்டிகளையும் முதல் நாளே கட்டிவைப்பது

வழியில் உள்ள சிறு ஊர்த் தபால் நிலையங்களுக்கு உணவுப் பெட்டி அனுப்பி, நடப்பவர் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. அங்கேயே குடியிருக்கும் எங்கள் சித்தி மகள் அனுப்பினாள். பட்டியல் போட்டவள் நான். ஒன்பது பெட்டி, ஒன்பதிலும் ஒரே ஓட்ஸ். மூன்றாவது பெட்டியைப் பிரித்தபோதே அவனுக்கு ஓட்ஸைக் கண்டால் குமட்டியதாம். மீதி ஆறையும் கிடைத்தவர்களுக்கெல்லாம் தானம் செய்தான். கடை இல்லாத இடங்களுக்கு மட்டும் அனுப்புங்கள்; அதையும் இரண்டிரண்டாகக் கட்டுங்கள்.

பெயர் விஷயம் இன்னொன்று. பாதையில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் நமக்கும் அது பழகிவிடும். ஆசையாகப் பெட்டியின் மேல் அதை எழுதிவிடாதீர்கள். தபால் நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டும், அட்டையில் அந்தப் பெயர் இருக்காது. பெட்டியில் வந்துசேரும் உத்தேச தேதியையும் எழுதுங்கள்; அமெரிக்கத் தபால் நிலையங்கள் பொதுவாக 30 நாள்வரைதான் வைத்திருக்கும். வெள்ளி மாலை கதவடைத்தபின் போய்ச் சேர்ந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டியதுதான். கேஸ் சிலிண்டரை விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கேட்காதீர்கள்.

“இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?”

கேட்கவே கேட்காதீர்கள்.

“போதும், வந்துடு”

அழுதுகொண்டே ஒருநாள் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் மழை, கால் நகம் கழன்றுவிட்டது, கூட நடந்தவன் வீடு திரும்பிவிட்டான். நமக்கு நெஞ்சு பதறும். அம்மா அப்படித்தான் சொன்னாள்: “போதும்டா, வந்துடு.” அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த பத்து நாள் வீட்டுக்கே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அம்மா சொன்னதைக் கேட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்ததாம். நானோ அதற்கு நேர்மாறாக, “இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவியா?” என்று ஒருமுறை உசுப்பிவிட்டேன். இரண்டுமே வேண்டாம். மோசமான நாளில் முடிவெடுக்காதே, ஊரில் இறங்கிச் சாப்பிட்டுத் தூங்கி எழு, அதன்பிறகும் தோன்றினால் வா என்று நடைக்காரர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முழுப் பாதையையும் நடக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. முடிக்காமல் வந்தவர்களிடம் காரணம் கேட்டுக் குடையாதீர்கள்.

தெரியாத எண்ணை எடுக்காதது

வெளிநாட்டு எண் வந்தால் மோசடி அழைப்பு என்று துண்டித்துப் பழகிவிட்டோம். அவர்கள் எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்தினால் அந்தச் சேதி முதலில் ஒரு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். கருவியைப் பதிவு செய்தபோது கொடுத்த அவசரத் தொடர்பு எண்களை அந்த மையம் அழைக்கும். உங்கள் எண் அதில் இருந்தால் உங்களைத்தான். ஆபத்தில் மட்டும் அழுத்தும் கருவியான, 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர பீக்கனிலும் இதே கதைதான்; தவறுதலாக அழுத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். நடை முடியும்வரை எந்த எண் வந்தாலும் எடுங்கள். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போடுவது

ஒரு பெண் தனியாக இன்றிரவு எங்கே தூங்குகிறாள் என்பதை நூற்றிருபது பேருக்குச் சொல்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்.

எதிர் மேசைக்காரர் எடுத்துவிட்டார். கூடவே ஒரு முழுப்பக்கத் தாளும் தயாரித்தோம்: டென்ட் நிறம், பை நிறம், மழைச்சட்டை நிறம், எத்தனை நாள் சாப்பாடு, அடுத்த இறங்கும் வழி, ஊருக்கு வரும் தேதி, அந்தந்தப் பகுதி அலுவலகங்களின் முழு எண்கள். தடம் பார்த்துத் தேடுபவர்களுக்கு ஷூவின் அடிப்பாகப் படம் உதவும் என்றேன். அதைக் கிளம்பும் முன்பே எடுத்திருக்க வேண்டும். மகளுக்கு மெசேஜ் போட்டார். நான்கு நாள் கழித்து ஊரில் இறங்கியதும் படம் வந்தது. குதிகால் பக்கம் வழவழவென்று தேய்ந்து, முன்பக்கம் பிளந்து கிடந்தது. “இதைத் தூக்கிப் போட்டுட்டு நாளைக்குப் புதுசு வாங்கப் போறேன்ப்பா” என்று கீழே எழுதியிருந்தாள்.

“அப்ப நாளைக்கு இன்னொரு படம் கேளுங்க,” என்றேன்.